யாருக்கும் பிடிக்காத ஒரு தீர்ப்பு

அன்புள்ள கயல்,

"ஓர் ஊர் மக்கள் மொத்தமாகச் சேர்ந்து பிரிவினை கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதானே சித்தப்பா? அதுதானே ஜனநாயகம்?" என்று எழுதியிருந்தாய். நூறு வருடத்துக்கு முன்பு ஜெனீவாவில் பெரிய பெரிய ராஜதந்திரிகளைத் திணறடித்த கேள்வி இது. கேட்க வைத்தவர்கள் ஓலந்துத் தீவுக்காரர்கள்.

வரைபடத்தை எடுத்துப் பார். சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே கடலில் பொடிப்பொடியாகத் தீவுகள் தெரியும். ஆறாயிரத்துக்கு மேல் தீவுகள். இன்றைக்கும் மக்கள் சுமார் 30,000 பேர்தான். பேசுவது சுவீடிய மொழி. 1809-இல் சுவீடன் போரில் தோற்று, பின்லாந்தோடு சேர்த்து இவற்றையும் ரஷ்யாவிடம் இழந்தது. 1917-இல் பின்லாந்து விடுதலை பெற்றபோது, ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு, எங்களைச் சுவீடனோடு சேர்த்துவிடுங்கள் என்றார்கள். பின்லாந்து, 'தன்னாட்சி தருகிறோம், பிரிவினை கிடையாது' என்றது. தீவுத் தலைவர்கள் சுந்த்ப்லோமையும் பியோர்க்மானையும் தேசத்துரோகக் குற்றம் சாட்டிக் கைதும் செய்தது.

வழக்கு, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்துக்குப் போனது. 1921 ஜூனில் தீர்ப்பு: தீவுகள் பின்லாந்துக்கே. ஆனால் மொழி, பள்ளிக்கூடம், நிலம் மூன்றுக்கும் உறுதியான பாதுகாப்பு; படையோ கோட்டையோ கூடாது. நியாயமான பாதுகாப்பைத் தர அரசுக்கு மனமோ திராணியோ இல்லாதபோதுதான் பிரிவினை, அதுவும் கடைசி வழியாக என்பது விசாரித்தவர்களின் கருத்து. உன் கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில் அதுதான். தீவுக்காரர்களுக்குக் கசப்பு, சுவீடனுக்கு வருத்தம், வென்ற பின்லாந்துக்கும் கையைக் கட்டிப்போட்ட வெற்றி.

பிறகு எப்படி நிலைத்தது? சுவீடன் முணுமுணுத்தாலும் தீர்ப்பை ஏற்றது. அது பெரிய விஷயம். அதைவிட முக்கியம், பூட்டுக்கு இரண்டு சாவி போட்டதுதான். இன்றைய தன்னாட்சிச் சட்டத்தைத் திருத்த பின்லாந்து நாடாளுமன்றம், தீவின் சட்டமன்றம் இரண்டிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஹெல்சிங்கியில் ஆட்சி மாறினாலும், தீவில் யாராவது வீராவேசமாகப் பேசினாலும் தனியாக எதையும் அசைக்க முடியாது. தீவின் குடியுரிமை இல்லாதவர் அங்கே சட்டமன்றத் தேர்தலில் நிற்க முடியாது, நிலம் வாங்குவதற்கும் தடை உண்டு. வெளியிலிருந்து வருபவருக்கு இது சற்றுக் கடுமைதான், மறைக்க மாட்டேன். கைதான சுந்த்ப்லோமே 1922-இல் கூடிய சட்டமன்றத்தின் முதல் சபாநாயகர் ஆனார். பியோர்க்மான் தீவு அரசின் தலைவர்!

இதை அப்படியே எல்லா நாட்டுக்கும் பொருத்திவிடலாம் என்று பரீட்சையில் எழுதிவிடாதே. அங்கே ரத்தம் சிந்தவில்லை, ஊரும் சிறியது. காயம் ஆழமான இடங்களில் கணக்கே வேறு.

2023-இல் பின்லாந்து நேட்டோவில் சேர்ந்ததும், படையில்லாத தீவு இனிக் கட்டுப்படியாகுமா என்ற பேச்சு ஹெல்சிங்கியில் கிளம்பியிருக்கிறது. 1940 ஒப்பந்தப்படி, படையில்லா நிலையைக் கண்காணிக்க ரஷ்யத் துணைத் தூதரகம் ஒன்று தீவின் தலைநகர் மரியஹாம்னில் இருக்கிறது. அதை மூடச் சொல்லியும் குரல்கள் எழுகின்றன. நீ பின்லாந்தின் அமைச்சராக இருந்தால் என்ன செய்வாய்? யோசித்து எழுது.

அன்புடன்,
சித்தப்பா