ஸ்டீராய்டுக்கும் கேட்காத மூட்டு வலி

கேள்வி:

ஏற்காட்டில் சேர்வராயன் கோயிலுக்குப் போகிற வழியில் எங்கள் வீடு. எனக்கு வயது 46. காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. நான்கு வருடமாகக் கை, கால் மூட்டெல்லாம் வீங்கி வலிக்கிறது. சேலத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்து முடக்குவாதம் என்றார்கள். எங்கள் பக்கம் சரவாங்கி என்போம். தினமும் போட ஒரு வெள்ளை மாத்திரை, அது ஸ்டீராய்டாம்; வாரம் ஒரு நாள் போட ஒரு மஞ்சள் மாத்திரை; கூடவே சத்து மாத்திரை கொடுத்தார்கள். மஞ்சள் மாத்திரை போட்ட மறுநாள் முழுக்கக் குமட்டல். அது புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்து என்று பக்கத்து வீட்டுப் பையன் போனில் பார்த்துச் சொன்னான். பயந்துபோய் நிறுத்திவிட்டேன். வெள்ளை மாத்திரையை மட்டும் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிப் போடுகிறேன். முன்பு ஒன்று போட்டாலே ஓடியாடி வேலை செய்வேன். இப்போது இரண்டு போட்டும் கேட்கவில்லை. முகம் உப்பிவிட்டது. காலையில் பத்து மணி வரை விரலை மடக்க முடிவதில்லை. பழம் பறிக்கப் போனால் காம்பைக் கிள்ள வராமல் திரும்பி வருகிறேன். மே மாதத் திருவிழாவில் அந்தக் கோயில் குகைக்குள் குனிந்து போக முடியாமல் வெளியே நின்றே கும்பிட்டேன். முடவாட்டுக்கால் சூப்பும் குடித்துப் பார்த்தாயிற்று. ஸ்டீராய்டே கேட்காவிட்டால் இனி என்ன வழி? குளிர் ஆகாது, கீழே சேலத்துக்கே குடிபோய்விடு என்கிறார்கள். போய்விடலாமா?

— ஒரு வாசகி, ஏற்காடு

பதில்:

அம்மா, வீட்டை மாற்ற வேண்டாம். மருந்தைத்தான் மாற்ற வேண்டும். நீங்கள் பயந்து நிறுத்தினீர்களே, அந்த மஞ்சள் மாத்திரைதான் உங்கள் நோய்க்கான வைத்தியம். வெள்ளை மாத்திரை, அது வேலை செய்யத் தொடங்கும் வரை வலியைத் தாங்குவதற்காகக் கொடுத்த துணை. துணையை மட்டும் வைத்துக்கொண்டு நெடுநாள் ஓட்டியிருக்கிறீர்கள். அது கேட்காமல் போனதில் வியப்பில்லை. உங்களுக்கு வழி அடைபட்டுவிட்டது என்றும் பொருளில்லை.

இதைப் படித்துவிட்டு வெள்ளை மாத்திரையை நாளைக்கே தூக்கி எறிந்துவிடாதீர்கள். நம் உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டைச் சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் தினமும் சுரக்கின்றன. வெளியிலிருந்து மாதக்கணக்கில் மாத்திரை உள்ளே போனால் அவை சுரப்பதைக் குறைத்துவிடும். திடீரென்று நிறுத்தினால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் சரிவது என்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம். டாக்டர் சொல்லும் கணக்கில், வாரக்கணக்கில், சிறிது சிறிதாகத்தான் இறக்க வேண்டும். இரண்டு மாத்திரை கேட்கவில்லை என்று மூன்றாக ஏற்றுவதும் கூடாது.

உங்களுக்கு நடந்தது இந்த மருந்தின் வரலாற்றிலேயே நடந்ததுதான். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் படுத்துக் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். உலகமே வியந்தது, 1950-இல் ஹென்ச்சுக்கும் அவருடன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் சில ஆண்டுகளுக்குள்ளேயே முகம் உப்புவது, எலும்பு பலமிழப்பது, நிறுத்தியதும் வலி திரும்புவது எல்லாம் தெரிந்துவிட்டன. வீக்கத்தை அந்த நேரத்துக்கு அடக்குவதில் ஸ்டீராய்டுக்கு இணை இல்லை. அதை மட்டும் நம்பி வருடக்கணக்கில் ஓட்ட முடியாது என்பதும் அன்றைக்கே தெரிந்த செய்தி.

மஞ்சள் மாத்திரைக்கு வருவோம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது மெத்தோட்ரெக்சேட், சீட்டில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் சொன்னது பொய்யில்லை, புற்றுநோய்க்கும் அதைக் கொடுக்கிறார்கள். அங்கே கிராம் கணக்கில்கூட ஏற்றுவது உண்டு. உங்களுக்குக் கொடுப்பது வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை. அந்த அளவில் அது செய்யும் வேலை வேறு: உங்கள் மூட்டையே எதிரியாக நினைத்துத் தாக்கிக்கொண்டிருக்கும் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கிறது. முடக்குவாதத்துக்கு அமெரிக்க அரசு இதை 1988-இல் ஏற்றது. இன்று உலகெங்கும் இந்த நோய்க்கு முதலில் எழுதப்படும் மருந்து இதுதான். இதில் நமக்கும் ஒரு உறவு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் தலைமை ஏற்று நடத்திய ஆராய்ச்சியிலிருந்துதான் இந்த வகை மருந்துகள் பிறந்தன. ஹென்ச் அந்த முதல் ஊசியைப் போடுவதற்கு ஒரு மாதம் முன்பு, 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் காலமானார். தன் மருந்து கோடிக்கணக்கான மூட்டுகளைக் காக்கும் என்று அவருக்குத் தெரியாது.

தோட்ட வேலை தெரிந்தவர் நீங்கள், அதனால் இப்படிச் சொல்கிறேன். காப்பி இலையில் துரு நோய் வராமலிருக்க மழைக்கு முன்பே போர்டோ கலவை அடிக்கிறீர்கள். இலையெல்லாம் மஞ்சள் புள்ளி விழுந்து உதிர்ந்த பிறகு அடித்து என்ன பயன்? மெத்தோட்ரெக்சேட்டும் அப்படித்தான், எலும்பு அரிபடுவதற்கு முன்பே போட்டாக வேண்டும். அரித்துப்போன எலும்பை எந்த மருந்தும் பழையபடி ஆக்காது.

குமட்டலுக்கு வழி இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுவிட்டுப் படுத்தால் பாதிக் குமட்டல் தூக்கத்திலேயே போய்விடும். போலிக் அமில மாத்திரையை டாக்டர் சொல்லும் நாளில் தவறாமல் போட வேண்டும். நீங்கள் சத்து மாத்திரை என்றது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அப்படியும் தாங்கவில்லையென்றால் அதே மருந்து தோலுக்கடியில் போடும் ஊசியாகக் கிடைக்கிறது, வயிற்றை அவ்வளவு படுத்தாது. ஆனால் பழைய பட்டையை எடுத்து நீங்களாகத் தொடங்கிவிடக் கூடாது. முதலில் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் மூன்றையும் பரிசோதிக்க வேண்டும். தொடங்கிய பிறகும் குறித்த இடைவெளியில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கருத்தரிக்க வாய்ப்பிருந்தால் இந்த மருந்து கூடவே கூடாது. மாதவிலக்கு இன்னும் வருகிறதென்றால் டாக்டரிடம் அதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரே ஒரு நாள்தான். தவறுதலாகத் தினமும் போட்டவர்கள் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து இறந்தே போயிருக்கிறார்கள். ஒரு கிழமையை முடிவு செய்து, வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். வாய்ப்புண்ணோ, காய்ச்சலோ, மூச்சிரைப்போடு வறட்டு இருமலோ வந்தால் அந்த வார மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பலர் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். மூன்று மாதத்தில் போதிய முன்னேற்றம் இல்லையென்றால் அதோடு சல்பாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் இரண்டையும் சேர்ப்பார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், மெத்தோட்ரெக்சேட் மட்டும் போதாதவர்களுக்கு இந்த மூன்று மாத்திரைச் சேர்க்கை, விலை உயர்ந்த ஊசி மருந்தைச் சேர்த்ததற்குச் சளைக்கவில்லை. கூலி வேலை செய்பவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை என்பது என் கருத்து. அதற்கும் அடங்காவிட்டால் டோபாசிட்டினிப் போன்ற மாத்திரைகளும் உயிரியல் ஊசிகளும் இருக்கின்றன. அவற்றுக்கு முன் காசநோய் உள்ளுக்குள் உறங்குகிறதா என்று கட்டாயம் பார்த்தாக வேண்டும். இதயக் கோளாறோ ரத்தக்கட்டியோ இருந்தவர்களுக்கு அந்த மாத்திரைகளில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

ஸ்டீராய்டு கேட்காத எல்லா வலியும் ஒரே வலி அல்ல. காலையில் எழுந்ததும் விரல்கள் மணிக்கணக்கில் இறுகிக் கிடந்து, அசைக்க அசைக்க இளகினால் அழற்சி இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். விரலின் அடி முட்டியைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்வாங்கினால் அதுவும் அழற்சிதான். மாறாக, முட்டி கல்லுப்போல் இருந்து, வேலை செய்யச் செய்ய வலி ஏறி, உட்கார்ந்தால் அடங்கினால் அது தேய்மானம். அங்கே ஸ்டீராய்டு மாத்திரைக்குப் பெரிதாக வேலை இல்லை. வீக்கமும் இல்லை, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் சரியாக இருக்கிறது, ஆனாலும் உடம்பெல்லாம் வலி, தூக்கமே இல்லை என்றால் நரம்புகள் வலியைப் பெரிதாக்கி உணர்கின்றன என்று அர்த்தம். அதற்கு மருந்து வேறு. பத்து மணி வரை இறுக்கம் என்ற உங்கள் வரியைப் பார்த்தால் முதல் வகைதான் தெரிகிறது. அது நல்ல மருந்துக்கு அடங்கக்கூடிய வகை.

ஸ்டீராய்டே கொண்டுவரும் வலியும் உண்டு. முதுகில் ஓரிடத்தில் திடீரென்று குத்தி நிமிர முடியாமல் போனால் முதுகெலும்பு நசுங்கியிருக்கலாம். தொடை இடுக்கில் வலித்து நொண்டினால் இடுப்பு மூட்டு எலும்புக்கு ரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். இத்தனை காலம் மாத்திரை போட்ட உங்களுக்கு எலும்பின் அடர்த்தி, சர்க்கரை, ரத்த அழுத்தம், கண் எல்லாவற்றையும் ஒருமுறை பார்ப்பது அவசியம். உங்கள் வலி காய்ச்சலோடு தொடங்கியதா என்று எழுதவில்லை. சிக்குன்குனியாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும் மூட்டு வலி அசல் முடக்குவாதம் போலவே இருக்கும். ஆன்டி சி.சி.பி. என்ற ரத்தப் பரிசோதனை சந்தேகத்தைப் பெருமளவு தீர்க்கும்.

குளிரைப் பற்றிக் கேட்டீர்கள். குளிர் இந்த நோயை உண்டாக்குவதில்லை. சுட்டெரிக்கும் வேலூரிலும் முடக்குவாதக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஈரக்காற்று நாளில் வலி கூடுகிறது என்பது வெறும் மனப்பிரமை இல்லை. 2019-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு அதைச் சிறிய அளவில் உறுதி செய்தது. ஏற்காட்டின் பனியும் மழையும் உங்கள் வலியைக் கூட்டும், எலும்பை அரிக்காது. அதற்காக வீடு, வேலை, உறவு எல்லாவற்றையும் விட்டு இறங்கிப் போக வேண்டியதில்லை.

எழுந்ததும் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கைகளைப் பத்து நிமிடம் வைத்து, நீருக்குள்ளேயே விரல்களை மடக்கி நீட்டுங்கள். மணிக்கட்டைச் சுழற்றுங்கள், சுருட்டிய துணியைப் பிடித்து மெல்ல அழுத்துங்கள். தினமும் முறையாகக் கைப்பயிற்சி செய்தவர்களின் கை ஒரு வருடம் கழித்தும் மேம்பட்டே இருந்தது என்று 2015-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று காட்டியது. மூட்டு சிவந்து கொதிக்கும் நாளில் மட்டும் அழுத்தும் பயிற்சியை விட்டுவிடுங்கள். பழம் பறிக்கும் பையை விரலில் தொங்கவிடாமல் இடுப்பில் கட்டுங்கள். அரிவாள், கரண்டிப் பிடிகளில் துணியோ சைக்கிள் டியூபோ சுற்றித் தடிமனாக்கினால் பிடிக்க எளிது. கழுத்தையும் கவனியுங்கள். முடக்குவாதம் கழுத்து எலும்பின் மேல் மூட்டைத் தளர்த்தக்கூடும். சேலம் போகும் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ் குலுங்கும்போது கழுத்து வலித்துக் கையில் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்தால் உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

முடவாட்டுக்கால் கிழங்குச் சூப்பைச் சாப்பாடாகக் குடிப்பதை நான் தடுக்கவில்லை. மிளகும் சீரகமும் போட்டுச் சூடாகக் குடித்தால் பனிக்கு இதமாக இருக்கும். முடக்குவாதத்தை அது அடக்கும் என்பதற்கு மட்டும் சான்று இல்லை. என் பயமெல்லாம் பெயரில்லாத பொட்டலப் பொடிகளின் மேல்தான். ஒரே நாளில் வலியைப் போக்கும் பொடியில் பெரும்பாலும் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் அரைத்துக் கலந்திருக்கும். ஏற்கெனவே இருப்பதோடு அதுவும் சேர்ந்தால் உங்கள் எலும்பும் சிறுநீரகமும் தாங்காது.

இந்த வாரமே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ப் பொது மருத்துவப் பிரிவில் காட்டுங்கள். தேவைப்பட்டால் வாதநோய்க்கென்றே தனித்துறை உள்ள சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு அவர்கள் எழுதித் தருவார்கள். முதல்வர் காப்பீட்டு அட்டையைக் கையில் வைத்திருங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். உங்கள் ஊர் செவிலியரிடம் பெயர் கொடுங்கள். நான்கு வருடச் சீட்டுகள், ரத்த ரிப்போர்ட்டுகள், போட்டுக்கொண்டிருக்கும் எல்லா மாத்திரைப் பட்டைகள், பொடி ஏதாவது சாப்பிட்டிருந்தால் அதுவும் ஒரு பையில் இருக்கட்டும். மஞ்சள் மாத்திரையை நிறுத்தியதைத் திட்டுவார்களோ என்று பயந்து மறைக்காதீர்கள், அதைத்தான் அவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இடையில் காய்ச்சலோடு ஒரே ஒரு மூட்டு மட்டும் வீங்கிச் சிவந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். வாரம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.