அடிக்கடி கழுவப்படும் கைகளில் வறட்சியும் தோலுரிதலும்

கிராமச் செவிலியர், தடுப்பூசி போடுவோர், பால் கறப்போர், பள்ளி உணவுக்கூடச் சமையலாளர் ஆகியோருக்கு ஒரே நாளில் பன்முறை கை கழுவ நேரிடுகிறது. சில வாரங்களில் இவர்களுட் பலருக்கு விரற்கணுக்களின் மேலுள்ள தோல் சொரசொரப்பாகிறது. பின்னர் மெல்லிய செதில்களாக உரிகிறது. வட மாநிலங்களின் வறண்ட குளிர்காலத்தில் வெடிப்புகளும் தோன்றுகின்றன. இதனை அழகு பற்றிய சிறு குறையெனப் புறக்கணித்தல் பொருந்தாது. எரிச்சலுக்கு அஞ்சும் கை தண்ணீரைத் தவிர்க்கத் தொடங்கும். மேலும், வெடித்த தோலில் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி எளிதிற் குடியேறும். அக்கிருமி சமைத்த உணவிற் கலந்து பெருகுமாயின், அது வெளியிடும் நச்சு, உணவை மீண்டும் கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. ஆதலின் சமையலாளர் ஒருவரின் கைவெடிப்பு அப்பள்ளிக் குழந்தைகள் அனைவரையும் பற்றிய செய்தியாகும்.

தோலின் மிக மேலான படலம் இறந்த உயிரணுக்களால் ஆனது. உள்ளங்கையில் அது தடித்திருக்கும். புறங்கையிலும் விரலிடுக்குகளிலும் மிக மெல்லியது. நோய் முதலில் அங்கே தோன்றுவதற்குக் காரணம் இதுவே. இப்படலத்தை அறிஞர் செங்கற்சுவருக்கு ஒப்பிடுவர். உயிரணுக்கள் செங்கற்கள்; அவற்றினிடையே உள்ள செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பமிலங்கள் ஆகியன சாந்து. சோப்பானது அழுக்கிலுள்ள எண்ணெய்ப் பசையை அகற்றும்போது இச்சாந்திலும் ஒரு பகுதியைக் கரைத்துச் செல்கிறது. சாந்து குறைந்த சுவரின் வழியே உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறுகிறது. வெந்நீர் இவ்விழப்பை மிகுவிக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. தோலின் மேற்பரப்பு இயல்பாகச் சற்றே அமிலத்தன்மை வாய்ந்தது. அதன் பிஎச் அளவு ஏறத்தாழ 5. சாதாரணச் சோப்பின் கரைசலோ 9 முதல் 10 வரை காரத்தன்மை உடையது. ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். மஞ்சட்பொடி தோய்த்து உலர்த்திய வெள்ளைத்தாளின் மீது சோப்புநீரைத் தடவினால் தாள் செந்நிறம் பெறும். சாம்பல் கரைத்த நீரைக் கொண்டும் இச்சோதனையைச் செய்துகாட்டுக. சாம்பலிட்டுப் பாத்திரம் துலக்குவோரின் விரல்கள் ஏன் உரிகின்றன என்பது மாணவருக்குத் தானே விளங்கும்.

கையுறையின் வரலாறும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. 1889-90ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவைக்கூடச் செவிலியாயிருந்த கரோலின் ஹாம்ப்டன் என்பாரின் கைகள், கிருமிநாசினியான மெர்க்குரிக் குளோரைடு கரைசலால் புண்பட்டன. அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட், அவர்பொருட்டு மெல்லிய ரப்பர்க் கையுறைகளைச் செய்துதருமாறு குட்இயர் ரப்பர் கம்பெனியைக் கேட்டுக்கொண்டார். நோயாளியைக் காக்கும் சாதனமென இன்று நாம் கருதும் கையுறை, அக்கூடத்துள் ஊழியர் ஒருவரின் தோலைக் காக்கவே நுழைந்தது.

பராமரிப்பு முறை செலவு மிக்கதன்று. குளிர்ந்த அல்லது இளஞ்சூடான நீரையே பயன்படுத்துக. சோப்பு விரலிடுக்கிலும் மோதிரத்தின் அடியிலும் தங்காதவாறு அலம்புக. துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் முற்றும் உலர்வதற்கு முன்னரே பசைப்பொருளைத் தடவுதல் முக்கியம். உலர்ந்தபின் தடவுவதால் பயன் குறைவு. இப்பசைப்பொருளுக்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் இல்லை. கடைகளில் மாய்ஸ்சரைசர் என்றே கேட்கின்றனர். விலையுயர்ந்த நறுமணக் களிம்பு வேண்டியதில்லை. நறுமணப் பொருளே சிலருக்கு ஒவ்வாமையை விளைவிக்கும். வாசனையற்ற வெள்ளை வாஸலின் நன்று. தேங்காயெண்ணெயும் பயன் தரும். கொங்கணத்தில் முருகல் விதையின் கொழுப்பை வெடிப்புகளுக்குப் பூசுவது பழைய வழக்கம். சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதற்கணு வரை பிதுக்கிய களிம்பு, ஏறத்தாழ அரை கிராம், ஒரு கையின் இருபுறத்துக்கும் போதும். இரவில் சற்று மிகுதியாகப் பூசிப் பருத்திக் கையுறை அணிந்து உறங்குவோர் விரைவிற் குணமடைகின்றனர். மேற்பரப்பு சில நாட்களில் செம்மையுற்றது போலத் தோன்றினும், உட்சாந்து முழுதும் சீர்பெற மேலும் பல வாரங்கள் செல்லும். அதுவரை பூச்சை நிறுத்தலாகாது.

கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாதபோது, சோப்புக்குப் பதிலாகச் சாராயக் கலவையைத் தேய்த்துக்கொள்வது தோலுக்கு நல்லது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த கலவையில் 1.45 சதவீதம் கிளிசரின் சேர்க்கப்படுவது வறட்சியைத் தடுப்பதற்கே. இக்கலவை பட்டவுடன் எரிகிறதென்று பல ஊழியர் அதனை ஒதுக்குகின்றனர். உண்மையில் அவ்வெரிச்சல், தோல் முன்னமே வெடித்திருப்பதைக் காட்டும் அறிகுறி. சோப்பால் கழுவியவுடன் அதன்மேல் இதனையும் தேய்ப்பது வழக்கமாகத் தேவையற்றது, தோலுக்குத் தீங்கானதுங்கூட.

வறண்ட கை யாவும் கழுவுதலால் வந்தவை அல்ல. ஒரு கையில் மட்டும் செதில் உரிந்து, விளிம்பு வளையமாகப் பரவுமாயின் அது படர்தாமரையாக இருக்கலாம். அதன்மீது ஸ்டீராய்டு கலந்த களிம்பை மருத்துவரைக் கேளாது பூசினால், அரிப்பு தணிந்து நோய் உள்ளுக்குள் பரவும். சீழ் கண்டவர் அது ஆறும்வரை சமைத்த உணவைத் தொடலாகாது. களப்பணியாளர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று: உள்ளங்கை வியர்வையற்று வறண்டு வெடித்திருந்தும், வெடிப்பில் வலி இல்லையென்று ஒருவர் கூறினால், உணர்ச்சி குன்றியுள்ளதா என்று சோதித்து, தொழுநோய்ப் பரிசோதனைக்கு அவரை உடனே அனுப்புக.