மோசேயை ஒத்த தீர்க்கதரிசி

முன்னுரை

எங்கள் தமிழ் வகுப்பிலே உமறுப் புலவர் இயற்றிய சீறாப்புராணத்தைப் பாடங் கேட்டு வந்த நாளில் நிகழ்ந்த ஒன்று இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. அந்நூலின் விலாதத்துக் காண்டத்திலே ‘புகைறா கண்ட படலம்’ என்று ஒன்றுண்டு. வணிகரோடு சாம் நாட்டுக்குச் செல்லும் இளம்பிராயத்து முகம்மது நபியை, மறைநூல் வல்ல புகைறா என்பார் கண்டு, வரவிருக்கும் நபி இவரே எனத் தெளிந்த வரலாறு ஆண்டுக் கூறப்படுகின்றது. வகுப்பு முடிந்ததும், என்னோடு ஒரே விடுதியில் உறையும் இஸ்லாமிய நண்பர் ஒருவர், “மோசேயைப் போன்ற ஒரு தீர்க்கதரிசி வருவார் என உங்கள் வேதத்திலேயே எழுதியிருக்கிறதே; அவர் யார்?” என்று வினவினார். “கிறிஸ்து” என்று சிறிதும் தயங்காது விடை கூறினேன். “அதனை உமக்குச் சொன்னவர் யார்?” என்றார். “பேதுரு” என்றேன். “எனக்குத் திருக்குர்ஆன் சொல்கிறது” என்று கூறி நகைத்துச் சென்றார்.

அந்நகையிலே பகையில்லை. ஆயினும் யான் கூறியது விடையன்று, பிறர் விடையை ஒப்பித்ததே என்பது அன்றிரவே எனக்குப் புலனாயிற்று. ஆகவே அப்பகுதியையும் அதன்பால் எழுந்த உரைகளையும் இயன்றவரை தேடிப் படித்தேன். அங்ஙனம் கண்டவற்றைக் கல்லூரி அன்பர்கள்முன் வைக்கின்றேன்.

மூலமும் இடமும்

வினாவுக்குரிய பகுதி உபாகமம் 18-ஆம் அதிகாரத்தில் 15 முதல் 22 வரையுள்ள வசனங்களாம். கானான் நாட்டின் எல்லையில் நின்று மோசே இஸ்ரவேலரை நோக்கிப் பேசுகின்றார். அந்நாட்டார் குறிசொல்வோரையும், நாள்பார்ப்போரையும், மாண்டாரிடம் குறிகேட்போரையும் நாடுவர்; நீங்கள் அவ்வாறு செய்தலாகாது என்று முதலில் விலக்குகின்றார். பின்னர், தம்மைப் போன்ற ஒரு தீர்க்கதரிசியைக் கடவுள் அவர்தம் சகோதரரிலிருந்து எழுப்புவார் என்கின்றார். ஓரேப் மலையிலே இறைவன் குரலை நேரே கேட்க அஞ்சிய மக்கள், இடைநின்று உரைப்பார் ஒருவரை வேண்டினர். அவ்வேண்டுகோளுக்கு விடையாகவே இவ்வாக்கு அளிக்கப்பெற்றது. அத்தீர்க்கதரிசியின் வாயில் இறைவன் தன் வார்த்தைகளை வைப்பான். அவர் கட்டளை பெற்றவற்றையெல்லாம் உரைப்பார். இறுதியில் பொய்த் தீர்க்கதரிசியை அறியும் வழியும் சொல்லப்படுகின்றது.

இப்பகுதியில் வழக்கிற்கு இடமாயின இரண்டு. ‘சகோதரர்’ என்பது யாரைக் குறிக்கும்? ‘என்னைப் போல’ என்னும் உவமைக்குப் பொருள் யாது?

யூதர் கொண்ட பொருள்

மூல நூலைத் தம் நூலாகக் கொண்ட யூதர் உரையினின்று தொடங்குதல் முறையாகும். குறிசொல்வோரை நாடாதிருத்தற்பொருட்டுக் காலந்தோறும் வரும் தீர்க்கதரிசிகளின் மரபையே இது குறிக்கும் என்பார் அவருட் பலர். பன்னிரண்டாம் நூற்றாண்டினரான இபின் எஸ்ரா என்பார் யோசுவாவை நினைந்தார். வருங்காலத்து ஒருவரையே எதிர்நோக்கினாரும் உளர். 1947 முதலாகச் சாக்கடலருகே கும்ரான் குகைகளிற் கிடைத்த சுவடிகளுள், வருவார் பற்றிய வாக்குகளைத் தொகுத்த ஓர் ஏட்டிலே இவ்வசனமும் இடம்பெற்றுள்ளது. சமாரியரோ தம் வேதத்திலே இவ்வாக்கைப் பத்துக் கட்டளைகள் உள்ள யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்திலும் சேர்த்து ஓதுவர். எனவே, கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இதனைக் கையில் எடுப்பதன் முன்னரே இது பல பொருள் பெற்ற வாக்காயிருந்தது என்பது தெளிவு.

இஸ்லாமியர் கொண்ட பொருள்

தோறாவிலும் இஞ்சீலிலும் இந்நபி குறிக்கப்பெற்றுள்ளார் என்பது திருக்குர்ஆன் 7-ஆம் அத்தியாயத்தில் வருவது. 73-ஆம் அத்தியாயமோ, பிர்அவ்னிடம் தூதர் ஒருவர் அனுப்பப்பட்டமையையும் நபிகள் அனுப்பப்பட்டமையையும் தானே ஒப்பிடுகின்றது. ஆதலின் இஸ்லாமியர் பழைய வேதங்களில் அவ்விடங்களைத் தேடியது வியப்பன்று. கிறிஸ்தவராயிருந்து இஸ்லாத்தைத் தழுவிய அலீ அத்தபரி ஒன்பதாம் நூற்றாண்டிலும், யூதராயிருந்து தழுவிய சமவ்அல் அல்மக்ரிபி பன்னிரண்டாம் நூற்றாண்டிலும் இப்பணியைச் செய்தனர். நம் நாட்டில், 1854-இல் ஆக்ராவிலே பாண்டர் என்னும் மிஷனரியோடு வாதம் புரிந்த ரஹ்மத்துல்லாஹ் கைரானவி, பின்னர் எழுதிய ‘இழ்ஹாருல் ஹக்’ என்னும் அரபு நூலிலே இதனை விரிவாக ஆராய்ந்தார்.

இவர்கள் கூறும் காரணங்கள் எளிதில் ஒதுக்கத்தக்கனவல்ல. ஈசாக்கும் இஸ்மவேலும் ஆபிரகாமின் மக்கள்; ஆதலின் இஸ்ரவேலருக்கு இஸ்மவேலர் சகோதரரே. மோசேயைப் போன்ற தீர்க்கதரிசி இஸ்ரவேலில் எழும்பவில்லை என்று உபாகமத்தின் 34-ஆம் அதிகாரமே கூறுதலின், அவரை வெளியே தேடவேண்டும். மோசே சட்டம் அளித்தார், மக்களை அழைத்துக்கொண்டு ஊர்விட்டுப் பெயர்ந்தார், போரில் தலைமை பூண்டார், மணந்து மக்களைப் பெற்றார். இவையெல்லாம் நபிகள்பாலும் உள. இறைவன் சொல்லை வாயில் வைத்தல் என்பதோ, வஹீயாக வந்ததை வந்தபடியே ஓதிய நிலைக்கு முற்றும் பொருந்தும் என்பர்.

கிறிஸ்தவர் கொண்ட பொருள்

நமது சபையோ, அப்போஸ்தலர் நடபடிகள் 3-ஆம் அதிகாரத்துப் பேதுருவின் பிரசங்கத்தையும், 7-ஆம் அதிகாரத்து ஸ்தேவானின் மறுமொழியையும் கொண்டு இவ்வாக்கைக் கிறிஸ்துவுக்கு உரியதாக்கும். அவர் யூத குலத்திற் பிறந்தவர். மோசேயின் நாளில் வனாந்தரத்திலே மன்னா பொழிந்ததுபோல அவரும் வனாந்தரத்திலே அப்பம் அளித்தார். அதனைக் கண்ட மக்கள் அவரை வரவேண்டிய தீர்க்கதரிசி என்றே எண்ணினர். பார்வோனின் கொலைக் கட்டளைக்குத் தப்பிய குழந்தை மோசே. ஏரோதின் வாளுக்குத் தப்பிய குழந்தை இயேசு. பிதாவினிடத்திற் கேட்டதையே பேசுவதாக அவர் கூறுவது யோவான் சுவிசேஷத்திற் பலவிடத்து வரும்.

ஈண்டு நமக்கு இடர் தரும் ஓர் இடத்தையும் மறைத்தலாகாது. யோவான் ஸ்நானனிடம் வந்தவர்கள், நீர் கிறிஸ்துவோ, எலியாவோ, அந்தத் தீர்க்கதரிசியோ என மூவரை வேறுவேறாக வைத்து வினவினர். ஆகவே, அக்காலத்து யூதருட் சிலர்க்கேனும் கிறிஸ்து வேறு, அத்தீர்க்கதரிசி வேறு. இஸ்லாமிய அறிஞர் இதனைச் சுட்டுதல் நியாயமே. இருவரையும் ஒருவராகக் கண்டது இயேசு உயிர்த்தெழுந்தார் எனக் கண்டவர்களின் சாட்சியாம். மேலும், ஜான் கால்வின் என்னும் சீர்திருத்தத் தலைவரே, இவ்வசனத்தைத் தீர்க்கதரிசிகளின் வரிசை முழுவதற்கும் உரியதாகக் கொண்டு, கிறிஸ்துவை அவ்வரிசையின் தலைவராக வைத்தார்.

தேற்றரவாளன்

இவ்வழக்கோடு இணைந்து வருவது யோவான் 14 முதல் 16 வரையுள்ள அதிகாரங்களிற் கூறப்படும் தேற்றரவாளன் பற்றியது. அஹ்மது என்னும் பெயருடைய தூதரைப் பற்றி ஈஸா நபி நற்செய்தி கூறினார் என்பது திருக்குர்ஆன் 61-ஆம் அத்தியாயம். எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இபின் இஸ்ஹாக்கே இரண்டையும் இணைத்துக் கூறியுள்ளார். கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘பாரக்லேத்தோஸ்’. அது புகழப்பட்டவர் எனப் பொருள்படும் ‘பெரிக்லுத்தோஸ்’ என்பதன் திரிபாகலாம் என்பாரும் உளர். ஆயின் நான்காம் நூற்றாண்டுச் சுவடிகளாகிய சினாய்ச் சுவடியும் வத்திக்கான் சுவடியும் முந்திய பாடத்தையே காட்டுகின்றன. பிந்திய பாடம் எந்தக் கிரேக்கச் சுவடியிலும் இல்லை. பாட வேறுபாட்டைச் சுவடி கொண்டே துணிதல் வேண்டும் என்பதைத் தமிழ் மாணவர்க்கு யான் சொல்ல வேண்டுவதில்லை.

அச்சொல்லின் பொருள் வழக்காடி உதவுவோர், பரிந்துரைப்போர் என்பதாம். நம் தமிழ் வேதத்தில் இவ்வொரு சொல்லே யோவான் சுவிசேஷத்தில் ‘தேற்றரவாளன்’ என்றும், யோவானின் முதல் நிருபத்தில் கிறிஸ்துவைக் குறித்துப் ‘பரிந்து பேசுகிறவர்’ என்றும் இருவகையாக மொழிபெயர்க்கப்பட்டிருத்தல் காண்க. கிறிஸ்து ஒரு தேற்றரவாளராயின், ‘வேறொருவர்’ எனப்படுபவரும் மானிடராதல் வேண்டும் என்று இஸ்லாமியர் வாதிப்பர். அவ்வதிகாரமே அவரைப் பரிசுத்த ஆவி எனப் பெயரிட்டுரைக்கின்றது என்று நாம் விடை கூறுவோம்.

ஆராய்ச்சி

இனி முதல் வாக்கிற்கு மீள்வாம். ‘சகோதரர்’ என்பதைப் பொறுத்தவரை, இடம்நோக்கிப் பொருள் கொள்ளின் இஸ்ரவேலரே என்பது எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. முந்திய அதிகாரத்திலே, அரசனை உன் சகோதரருள்ளிருந்து ஏற்படுத்துக, அந்நியனை ஏற்படுத்தாதே என்னும் கருத்து வருகின்றது. ஆண்டுச் ‘சகோதரர்’ என்பது தம் இனத்தாரையே சுட்டும். 1172-இல் ஏமன் நாட்டு யூதர்க்கு வரைந்த நிருபத்திலே மைமோனிதிஸும் இப்பொருளையே நிறுவினார். எனினும் அதே உபாகமம் ஏசாவின் வழியினரான ஏதோமியரையும் சகோதரர் என்று அழைத்தலின், இஸ்லாமியர் கூற்று மொழிவழக்கிற்கு மாறானதென்று கூறல் ஒண்ணாது.

‘என்னைப் போல’ என்பதோ அதனினும் நுட்பமுடையது. பொதுத்தன்மை வெளிப்பட நிற்பது விரியுவமை என்றும், மறைந்து நிற்பது தொகையுவமை என்றும் தண்டியலங்காரம் வகுத்தது. வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின்பாற் பட்டு உவமை தோன்றும் என்றார் தொல்காப்பியர். மதிமுகம் என்றால் ஒளியையும் தண்மையையும் கொள்வோமேயன்றி, மாதந்தோறும் தேய்தலைக் கொள்ளோம். உவமையெல்லாம் ஒருபுடை ஒப்புமையே. மோசேயின் கூற்றில் பொதுத்தன்மை வெளிப்படையாக இல்லை. அவ்வெற்றிடத்தை இஸ்லாமியர் சட்டம், தலைமை, இல்வாழ்க்கை முதலியவற்றால் நிரப்புவர். கிறிஸ்தவராகிய நாம் மீட்பு, அற்புதம், இறைவனோடு நேர்முக உறவு ஆகியவற்றால் நிரப்புவோம். ஒப்புமைப் பட்டியல் நீட்டுதல் இருசாரார்க்கும் எளிது. எந்தப் பட்டியலும் மற்றவரை அசைத்ததில்லை. ஏனெனில் பட்டியலுக்கு முன்னரே முடிவு இருக்கின்றது.

பொதுத்தன்மையைப் பகுதிக்குள்ளேயே தேடின் யாது கிடைக்கும்? அஞ்சிய மக்களுக்கும் இறைவனுக்கும் இடையே நிற்றல், அவன் தந்த சொல்லைக் குறையாது உரைத்தல் என்னும் இவ்விரண்டே. பொய்யனைச் சோதிக்கும் விதியும் உடன் வருதலின், ஒருவரை மட்டுமன்றி அப்பணி முழுவதையுமே வாக்கு தழுவுகின்றது எனலாம். அப்பணி கிறிஸ்துவில் நிறைவெய்தியது என்று யான் நம்புகின்றேன். ஆனால் அந்நம்பிக்கை இவ்வசனத்தால் எனக்கு வந்ததன்று. கிறிஸ்துவை அறிந்து, அவரிலிருந்து பின்னோக்கி இவ்வசனத்தைப் படிக்கின்றேன். என் நண்பரும் தம் நபியிலிருந்து பின்னோக்கியே படிக்கின்றார். குறளின் கடவுள் வாழ்த்தில் வரும் பெயர்களைச் சமணர் அருகனுக்கும் சைவர் சிவனுக்கும் உரியவாகக் கண்டதும் இவ்வாறே. இங்ஙனம் படித்தல் குற்றமன்று. நாம் செய்யுங்கால் விசுவாசம் என்றும், பிறர் செய்யுங்கால் புரட்டு என்றும் பெயரிடுதலே குற்றம்.

முடிவுரை

ஏறத்தாழ 782-ஆம் ஆண்டில், பாக்தாது நகரிலே கலீபா மஹ்தியும் கிழக்குச் சபையின் தலைவரான தீமோத்தேயுவும் இரண்டு நாள் உரையாடினர். மோசேயை ஒத்த தீர்க்கதரிசி, தேற்றரவாளன் என்னும் இவ்விரு பொருளும் அன்றே பேசப்பட்டன. தீமோத்தேயு தம் கொள்கையில் ஓரடியும் பெயராது நின்றார். எனினும் முகம்மது நபி தீர்க்கதரிசிகளின் நெறியில் நடந்தார் என்று அவரைப் புகழவும் செய்தார். இறுதியில் ஓர் உவமை கூறினார். இருண்ட வீட்டில் விலையுயர்ந்த முத்தொன்று வீழ்ந்தது. தேடிக் கையிட்டோர் ஒவ்வொருவரும் முத்துத் தம்மிடமே உள்ளது என எண்ணினர். ஒளி வந்த பின்னரே உண்மையாக அதனைப் பெற்றவர் யார் என்பது விளங்கும். முத்துத் தம் சபையினிடமே உள்ளதென்று அவர் நம்பினார். ஆயினும் பிறர் கையைப் பற்றித் திறந்து பார்க்க அவர் முயலவில்லை.

இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் என் நண்பரிடம் படிக்கக் கொடுத்தேன். இஸ்லாமியர் கருத்தைக் கூறுமிடத்து, “வலிந்து பொருள் கொள்வர்” என்று முதலில் எழுதியிருந்தேன். அவர் ஒன்றும் பேசாது ‘வலிந்து’ என்னும் சொல்லின்கீழ் மட்டும் கோடிட்டுத் திருப்பித் தந்தார். என் சமயத்தாரைப் பற்றி எழுதிய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஆண்டு அச்சொல் ஓரிடத்தும் இல்லை. அதனை அடித்துவிட்டேன். கொள்கையில் இருவரும் இருந்த இடத்திலேயே இருக்கின்றோம். இவ்வாண்டும் விடுதியில் எங்கள் அறைகள் அடுத்தடுத்தே உள்ளன.