வாடாமல்லிச் சேலை போட்டோவில் ஏன் நீலமாகிறது?

கேள்வி: வீட்டிலிருந்தபடியே பட்டுச் சேலைகளை இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கிறேன். வாடாமல்லிச் சேலையைப் படம் எடுத்தால் நீலமாகத் தெரிகிறது. அரக்கு வெளுத்துவிடுகிறது. “போட்டோவில் ஒன்று, கையில் ஒன்று” என்று திருப்பி அனுப்புகிறார்கள். நல்ல போன் வாங்கவேண்டுமா, ரிங் லைட் போதுமா?
– வாசகி, காஞ்சிபுரம்

பதில்: இரண்டும் வேண்டாம். இப்போதிருக்கும் போனே போதும். மாற்றவேண்டியது வெளிச்சத்தை.

உங்கள் அறையில் டியூப் லைட் எரியும், ஜன்னலும் திறந்திருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு வெளிச்சத்துக்கும் நிறம் வேறு. நம் கண் அதைச் சரிசெய்துகொள்ளும், போன் குழம்பிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. படம் முழுக்க ஒரே நிறம் நிறைந்திருந்தால், அந்த அறையின் வெளிச்சமே அந்த நிறம்தான் என்று போன் தப்பாகக் கணித்து, அதைக் குறைக்கப் பார்க்கும். வாடாமல்லியில் உள்ள சிவப்பு இப்படியும் குறைந்துபோகலாம். ஆகவே விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள். சேலைக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணியோ தாளோ தெரியட்டும். எது வெள்ளை என்று போனுக்குப் பிடிபட்டால் மற்ற நிறங்களும் பெரும்பாலும் ஒழுங்குக்கு வரும்.

எந்த ஜன்னல்? வடக்குப் பார்த்தது என்று புகைப்படப் புத்தகங்கள் சொல்லும். அது பெரும்பாலும் குளிர்நாடுகளுக்கு எழுதிய பாடம். காஞ்சிபுரத்தில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவெயிலே சற்று வடக்கிலிருந்துதான் வரும். அதனால் திசையைப் பார்க்காதீர்கள். நேர்வெயில் விழாத ஜன்னலைப் பாருங்கள். விழுந்தால் ஒரு மல் வேட்டியைத் திரையாகக் கட்டுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் வரவேண்டும். அப்போதுதான் புட்டாவும் நெசவின் மேடுபள்ளமும் எழுந்து தெரியும். ரிங் லைட்டை நான் வேண்டாம் என்றதற்குக் காரணமும் இதுதான். அது முகத்துக்கு நேரே அடிக்கிற வெளிச்சம். ஜரிகையை வெள்ளைத் திட்டாக்கிவிடும்.

அரக்கு வெளுப்பதற்குக் காரணம் வேறு. அடர் நிறத்தைக் கண்டதும் இருட்டு என்று எண்ணி போன் வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. திரையில் சேலையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்ச அளவும் நிலைத்துவிடும். பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். அரக்கு அரக்காக வரும். சந்தன நிறம், அரைவெள்ளைச் சேலைகளுக்கு மேலே தள்ளுங்கள்.

எடுக்குமுன் லென்ஸைப் பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். விரல் எண்ணெய் படிந்தாலும் படம் மங்கலாகும். 0.5 லென்ஸில் பார்டர் வளைந்துபோகும், அதைத் தொடவேண்டாம். குறைந்த விலை போன்களில் இருக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோவும் உதவாது. முதன்மைக் கேமராவில் சற்றுத் தள்ளி நின்று எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். இன்ஸ்டாகிராமுக்கு நெட்டுவாக்கில் 1080-க்கு 1350 அளவு நன்றாகப் பொருந்தும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஹெச்டி குறியைத் தட்டுங்கள். இல்லாவிட்டால் படத்தை அது மிகவும் சுருக்கி, நெசவைக் குழப்பிவிடும்.

மயில்கழுத்து போன்ற இரட்டை நிறச் சேலைகளை ஒரே படத்தில் பிடிக்க முடியாது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்பதால் சாய்க்கச் சாய்க்க நிறம் மாறும். முந்தியைக் கையில் பிடித்து மெல்ல அசைத்து, சில விநாடி வீடியோ எடுத்துப் போடுங்கள்.

ஃபில்டர் மட்டும் போடாதீர்கள். சேலை விற்கிற படத்தில் அது, தெரிந்தோ தெரியாமலோ, வாங்குபவரை ஏமாற்றுவதாகவே முடியும். இவ்வளவும் செய்தபிறகும் வாடாமல்லி, ராணி பிங்க் போன்ற அடர் நிறங்கள் கொஞ்சம் பிசகத்தான் செய்யும். போன் திரைகளால் அவற்றை முழுதாகக் காட்ட முடிவதில்லை, வாங்குபவரின் திரையும் வேறு. எடுத்த படத்தைச் சேலைக்குப் பக்கத்தில், பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், “நேரில் இன்னும் சற்றுச் சிவப்பு ஓடும்” என்று படத்துக்குக் கீழேயே தயங்காமல் எழுதிவிடுங்கள்.