ஒரு பல்லின் விலை: பிடுங்குமுன் போட வேண்டிய கணக்கு

பல்வலி நாள் பார்த்து வருவதில்லை. ஐதராபாத்தின் மாதாப்பூரில் கணினி நிறுவனமொன்றில் பணிபுரியும் தமிழ் இளைஞர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். இரவெல்லாம் உறக்கமின்றித் தவித்தவர், விடிந்ததும் தெருமுனையிலுள்ள பல் மருத்துவமனைக்குச் செல்கிறார். சொந்த ஊரென்றால் பழகிய மருத்துவர் இருப்பார். இங்கு எவரையும் அறியார். "பல்லைப் பிடுங்க எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்கிறார். கேள்வி தவறன்று, ஆனால் அது முழுமையானதன்று. செலவு மூன்று பகுதிகளைக் கொண்டது.

முதற்பகுதி, பிடுங்குவதற்கு முன் ஆவது. மருத்துவரின் ஆலோசனைக் கட்டணமும் எக்ஸ்ரே கட்டணமும் இதில் அடங்கும். ஒரு பல்லை மட்டும் காட்டும் சிறு படத்திற்கும் தாடை முழுவதையும் காட்டும் பெரிய படத்திற்கும் கட்டணம் வேறு.

இரண்டாவது, பிடுங்குவதற்கான கட்டணம். வெளியே தெரியும் பல்லை மரத்துப்போகும் ஊசியிட்டுக் குறடால் எடுத்துவிடலாம். தாடைக்குள் புதைந்து கிடக்கும் ஞானப்பல்லுக்கோ ஈறைக் கீறி, எலும்பைச் சற்றே அகற்றி, தையலிட வேண்டியிருக்கும். ஆகவே இரண்டின் கட்டணமும் ஒன்றாகாது.

மூன்றாவது, பிடுங்கிய பின் வருவது. மருந்தும் தையல் பிரிப்பதும் சிறு செலவுகளே. பெருஞ்செலவு, பல் இருந்த வெற்றிடத்தில் காத்திருக்கிறது. கடைவாய்ப்பல் ஒன்று போனால், காலப்போக்கில் பக்கத்துப் பற்கள் அவ்விடத்தை நோக்கிச் சாயலாம். எதிர்ப்பல் நீண்டு வரலாம். அதைத் தடுக்கக் கழற்றி மாட்டும் பல்லோ, பாலமோ, தாடையில் பொருத்தும் இம்பிளான்ட்டோ தேவைப்படலாம். ஞானப்பல்லுக்குப் பொதுவாக இத்தேவை இல்லை. எனவே, "இப்பல்லை வேர் சிகிச்சையால் காப்பாற்ற இயலுமா? அதற்கும் மேலுறைக்கும் சேர்த்து என்ன ஆகும்?" என்று முதலில் கேட்பதே நலம். இன்று மலிவாகத் தோன்றும் வழி நாளை அதிகச் செலவு வைக்கக்கூடும்.

இனி, பணத்திற்கான வழிகளைக் காண்போம். நிறுவனம் தரும் மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் பெரும்பாலான காப்பீடுகள், விபத்தினால் மருத்துவமனையில் தங்க நேர்ந்தாலன்றிப் பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. புறநோயாளிச் செலவும் பல் சிகிச்சையும் நம் பாலிசியில் தனியே சேர்க்கப்பட்டுள்ளனவா என்பதை வலி வருமுன்பே படித்தறிதல் வேண்டும்.

அடுத்தது, "வட்டியில்லாத் தவணை". 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி, வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று இல்லை எனத் தெளிவுபடுத்தியது. கணக்கிற்காக ஓர் எடுத்துக்காட்டு: சிகிச்சைக்கு 30,000 ரூபாய், உடனே செலுத்தினால் 27,000 போதும், தவணையெனில் மாதம் 2,500 வீதம் 12 மாதம். நாம் இழக்கும் 3,000 ரூபாய் தள்ளுபடியே இங்கு வட்டி. அது ஆண்டுக்கு ஏறத்தாழ 20 விழுக்காடாகும். செயலாக்கக் கட்டணம் இருப்பின், அது இதற்கும் மேல்.

தனியார் கட்டணம் கைக்கு மீறினால், அப்சல்கஞ்சில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. மாதாப்பூரில் மெட்ரோ ஏறி, அமீர்பேட்டையில் வண்டி மாறி, மகாத்மா காந்தி பேருந்து நிலைய நிறுத்தத்தில் இறங்கினால் அதை எளிதில் அடையலாம். காத்திருக்க நேரிடலாம், எனினும் செலவு மிகக் குறையும்.

எனவே, நாற்காலியில் அமருமுன் மூன்று பகுதிகளுக்குமான மதிப்பீட்டைத் தனித்தனியே எழுதி வாங்குவோம். அவசரமில்லையெனில், அதே தாளையும் எக்ஸ்ரேயையும் மற்றொரு மருத்துவரிடம் காட்டுவோம். முகம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ இயலாவிட்டாலோ, விலை ஒப்பிட்டு நாள் கடத்தலாகாது. உடனே மருத்துவரை அடைவோம். எஞ்சிய எல்லா நேரத்திலும், பிடுங்கிய பல்லை மீண்டும் பொருத்த இயலாது என்பதை நினைவில் கொண்டு, கணக்கை முதலில் போடுவோம்.