முகப்பரு: காரணமும் பராமரிப்பும்



முகப்பரு உயிரைப் பறிக்கும் நோயல்ல. ஆனாலும் கேலிக்குப் பயந்து வெளியே வரக் கூசுகிற வாலிபப் பிள்ளைகள் உண்டு. ஆகவே பெற்றோர் இதைக் குறித்துச் சரியாய் அறிந்திருப்பது நல்லது.

காரணம் என்ன? பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்கள் கூடும்போது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகமாய்ச் சுரக்கின்றன. அந்த எண்ணெயும் இறந்த செல்களும் சேர்ந்து மயிர்க்கால் துவாரத்தை அடைக்கின்றன. உள்ளே பாக்டீரியா பெருகி, வீக்கமும் சீழும் உண்டாகின்றன. இது அசுத்தத்தால் வருவதல்ல, தொற்றுநோயுமல்ல.

செய்ய வேண்டியவை:

1. மென்மையான சோப்பினால் தினமும் இருமுறை முகம் கழுவுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

2. தலையில் தேய்க்கும் எண்ணெய் நெற்றியில் வழிய விடாதீர்கள். ஆதிச்சநல்லூர் போன்ற வெயில் மிகுந்த ஊர்களில் வியர்வையும் சேர்ந்து பருவை அதிகமாக்கக்கூடும்.

3. பருவைக் கிள்ளாதீர்கள், தழும்பு நிலைத்துவிடும்.

4. மருத்துவர் தரும் பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்ற மருந்துகள் பலன் தர 6 முதல் 8 வாரங்கள் ஆகலாம். பொறுமை தேவை.

5. பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு ஒழுங்கற்றிருந்து, முகத்தில் ரோமமும் வளர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முக்கிய எச்சரிக்கை: அக்கம்பக்கத்தார் சொல்கேட்டு ஸ்டீராய்டு கலந்த கிரீம்களைப் பூசாதீர்கள். முதலில் முகம் தெளிந்ததுபோல் தோன்றும். பின்பு தோல் மெலிந்து சிவந்து, பரு முன்னிலும் அதிகமாகும். இதனாலேயே 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. ஏற்கெனவே பூசி வருகிறவர்கள் திடீரென நிறுத்தினாலும் முகம் சிவந்து எரியக்கூடும். தோல் மருத்துவரின் ஆலோசனைப்படியே நிறுத்துங்கள்.