'எம்டன்' என்னும் சொல்லும் அதன் தலைவரும்

சிலாபம் முதற் கற்பிட்டி வரையுள்ள நம் கரையோரத்தில், எவர்க்கும் பிடிகொடாத சூழ்ச்சிக்காரனை 'எம்டன்' என்பர். மாணவர் சிலர் இதனைத் தமிழ்ச் சொல்லென்றே எண்ணுகின்றனர். அஃது ஜேர்மனியிலுள்ள ஒரு துறைமுக நகரின் பெயர். அந்நாட்டுப் போர்க்கப்பலொன்றுக்கும் இடப்பட்டது. சொல்லை வழங்கும் நாம் அக்கப்பலின் தலைவரையும் அறிதல் வேண்டும்.

கார்ல் வொன் முல்லர் 1873 இற் பிறந்தார். தந்தையார் தரைப்படை அதிகாரி. மைந்தரோ கடலை நாடினார். கிழக்காபிரிக்கக் கரையிற் பற்றிய மலேரியாக் காய்ச்சல் பின்னரும் அவரை விட்டிலது. 1914 இல் போர் மூண்டதும், பகைவரின் வாணிகக் கலங்களைக் கைப்பற்றத் தனிக்கப்பலாய் இந்து சமுத்திரத்துட் புகுந்தார். மூன்று புகைபோக்கியுடைய எம்டனுக்குப் பொய்யாக நான்காவதொன்றை நிறுத்தி ஆங்கிலக் கப்பல்போலத் தோற்றுவித்தார். நம் வழக்குச் சொல்லின் வேர் இங்கேதான் போலும்!

செப்டம்பர் 22 ஆந் திகதி இரவு சென்னையின் எண்ணெய்த் தாங்கிகள்மீது ஏறத்தாழ 130 குண்டுகளை வீசினார். எண்ணெய் பற்றியெரிந்தது, நகர மக்கள் பலர் வெளியூர்களுக்கு ஓடினர். உயிரிழந்தோரும் உளர். அவர் வீரத்தைப் பாராட்டுவோர் இதனை மறைத்தல் முறையன்று.

மூன்று நாளில் எம்டன் இலங்கையைச் சுற்றி நம் மேற்குக் கடலுக்கு வந்தது. கொழும்புத் துறைமுகத்தின் தேடொளி விளக்குகள் தெரியுந் தூரத்திலே நின்று, அங்கிருந்து சர்க்கரையுடன் புறப்பட்ட 'ரைமெரிக்' என்னுங் கலத்தைப் பிடித்து அமிழ்த்தியது. அடுத்த நாள்களில் வேறு கலங்களும் அகப்பட்டன. அவற்றுள் 'பியூரெஸ்க்' நிலக்கரி ஏற்றி வந்தது. துறைமுகமெதுவும் இடங்கொடாத கப்பலுக்கு நிலக்கரியே சோறு. ஆதலின் அதனை அமிழ்த்தாது உடன் கொண்டு சென்றார். கலத்தை அமிழ்த்துமுன் மாலுமிகளை இறக்கிக் காத்தல் அவர் வழக்கம். அவ்வாறு சேர்ந்தோரை, பிடிபட்ட கலமொன்றில் ஏற்றிக் கொழும்புக்கே அனுப்பிவைத்தார். பகைநாட்டுப் பத்திரிகைகளும் அவரைப் புகழ்ந்தமை இதனாலாகும்.

ஒக்டோபர் 28 இல் பினாங்கில் ருஷியக் கப்பலொன்றையும் பிரெஞ்சுக் கப்பலொன்றையும் அழித்தார். நீரிலே தத்தளித்த பிரெஞ்சு மாலுமிகளை எடுத்துக் காத்தார். நவம்பர் 9 இல் கொக்கோஸ் தீவருகே அவுஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' எம்டனை வென்றது. 130 பேருக்கு மேல் மாண்டனர். எஞ்சியோரைக் காக்கும் பொருட்டு முல்லர் கப்பலைப் பவளப்பாறைமேல் ஏற்றினார்.

மோல்ற்றாவிலும் இங்கிலாந்திலுஞ் சிறையிருந்தார். 1917 இற் சுரங்கவழியாய்த் தப்பி மீண்டும் பிடிபட்டார். 1923 இல், 49 ஆம் வயதிற் காலமானார். தம் வரலாற்றை நூலாக எழுத அவர் உடன்பட்டிலர். அது தோழர் குருதியாற் பணந் தேடுவதாகுமென்று கருதினார் என்பர்.